சேர்ந்து பிடித்த சீட்டு

பிள்ளைகளே, சமூக சேவை என்று பதுளைத் தோட்டங்களுக்குள் இறங்கப் போகிறீர்கள். இன ஒற்றுமைக்கென்று மேடை போடாதீர்கள். லயத்துப் பெண்ணும் கிராமத்துச் சிங்களப் பெண்ணும் ஒருத்தியை ஒருத்தி நம்பியே ஆகவேண்டிய ஒரு காரியத்தைத் தேடிப் பிடியுங்கள்.

நம் ஆட்களுக்குப் பயம் சும்மா வந்ததல்ல. 1948இல் சட்டம் போட்டு மலையகத் தமிழரான நம் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் கையெழுத்திட்டன. 1983 ஜூலையில் பதுளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. 2000 அக்டோபரில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்களை அடித்தும் வெட்டியும் கொன்றார்கள். இவ்வளவையும் சுமந்தவர்களிடம் போய் "எல்லோரும் ஒன்று" என்றால் எப்படி ஏறும்?

ஆனால் இதே பதுளையில், 1940 மே மாதம், வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலையை நிறுத்தியபோது அவர்களோடு நின்ற சமசமாஜக் கட்சிக்காரர்களில் சிங்களவரும் இருந்தார்கள். தொழிலாளர் தெரிவு செய்த சபையைத் துரையே ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. இதையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அப்படி ஒருத்தியை ஒருத்தி நம்பவேண்டிய காரியத்தை நான் சீட்டில்தான் தொடங்கினேன். பசறைப் பக்கம் ஒரு தோட்டம். கீழே சிங்களக் கிராமம். அந்தப் பெண்களும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க வருவார்கள். தராசடியில் பக்கத்தில் நிற்பார்கள், பேச்சுவார்த்தை இராது. சீட்டு மட்டும் இரண்டு பக்கமும் உண்டு. சேர்த்துப் பிடித்தோம். குலுக்கல் வேண்டாம், அவசரக்காரிக்கு முதல் சீட்டு என்று முடிவானது. அது பேறுகாலத்துக்கு நின்ற ஒரு சிங்களப் பெண்ணுக்குப் போனது. எங்கள் ஆட்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மிச்சக் காசு கட்டுவாளா? பிள்ளை பெற்ற மாதம், சம்பளத்தன்றைக்கு, அவள் மாமியார் ஏற்றம் ஏறி வந்து மடியை அவிழ்த்துக் காசை எண்ணி வைத்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பிறகு, சிங்களத்தில் மட்டுமே படிவம் கொடுத்த ஓர் அலுவலகத்துக்கு எங்கள் பெண்களோடு அவளே வந்தாள். ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தது. திருத்தாமல் அவள் நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

சிங்களம் படியுங்கள். கிராமத்திலிருந்து வருகிறவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள். சீட்டுக் கணக்கை இரண்டு மொழியிலும் எழுதி, லயத்தில் ஒரு புத்தகமும் கிராமத்தில் ஒரு புத்தகமுமாக வையுங்கள். மாதம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.