மயிற்றலை முத்திரை

இங்கிலாந்தின் வடகிழக்கிலே, தைன் நதியின் தென்கரையிலுள்ளது கேற்ஸ்ஹெட் நகரம். அயலில் நிலக்கரி மலிந்திருந்தமையால் கண்ணாடி உலைகள் இங்கு பெருகின. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சிலே அழுத்தி வார்த்த கிண்ணமொன்று கிடைத்தால், கவிழ்த்துப் பாருங்கள். மயிலின் தலை தென்படின் அது சோவர்பி ஆலையினது. கோபுரத்தின்மேற் சிங்கமெனின் இந்நகரின் டேவிட்சன் ஆலையினது. எனினும் சிங்கத்தைக் கண்டதும் அவசரப்படலாகாது; அண்டை நகராகிய சண்டர்லாந்தின் கிரீனர் ஆலைக்கும் சிங்கமே சின்னம். அது நட்சத்திரமோ கோடரியோ ஏந்தி நிற்கும்.

காலத்தை அறிவதுதான் கடினம். 1842 முதல் 1883 வரை சாய்சதுரக் குறியும், 1884 முதல் பதிவிலக்கமும் பொறிக்கப்பட்டன. வணிகர் இவற்றைக் காட்டி, "இந்த ஆண்டிற் செய்தது" என்று விலையை உயர்த்துவர். குறி சொல்வதோ வடிவம் பதிவான நாளை மாத்திரமே! அதே அச்சிலே பல்லாண்டுகள் வார்த்திருக்கலாம். கோலங்களை விரலால் தடவுங்கள். கூர்மை மழுங்கியிருப்பின், தேய்ந்த அச்சிலே பிந்தி வார்த்ததோ என ஐயுறலாம்.