சீருடையற்றோர் முறையீடு

ஒரு வீரன் உருவாவதற்குத் துணைநிற்போரின் கடமைகளைப் புறநானூற்றிலே எண்ணிய பொன்முடியார், வேல் வடிக்கும் கொல்லனுக்கும் அவ்வரிசையில் இடமளித்தார். கொல்லனின் கடன் பாடப்பட்டது. அவனுக்குக் குறை நேரின் யாரிடம் முறையிடுவான் என்பது பாடப்படவில்லை. அவ்வினா இன்றும் எஞ்சி நிற்கின்றது. அருவங்காட்டின் வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் இந்தியப் படைகளுக்காக உழைத்து வருவோரிற் பெரும்பாலோர் சீருடை அணியாத சிவில் ஊழியரே.

இவர்களது நிலை விசித்திரமானது. போர்வீரருக்குரிய மதிப்பு இவர்களுக்கில்லை. ஏனைய அரசாங்க ஊழியருக்குரிய காப்பும் முழுமையாக இல்லை. விசாரணையின்றி ஓர் ஊழியரைப் பதவிநீக்கலாகாது என விதிக்கும் அரசியலமைப்பின் 311ஆம் உறுப்புரை, பாதுகாப்புத் துறையோடு தொடர்புடைய பதவி வகிப்போரைச் சாராது என 1971இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிணக்குகளைத் தீர்ப்பதற்கென மத்திய அரசு 1966இல் கூட்டு ஆலோசனைப் பொறிமுறையை நிறுவிற்று. அரசு தரப்பினரும் ஊழியர் தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவர். உடன்பாடு எட்டாதவிடத்து விடயம் நடுத்தீர்ப்புக்குச் செல்லும். ஆயின் சம்பளமும் படிகளும், வாராந்த வேலைநேரம், லீவு ஆகிய மூன்று மாத்திரமே அவ்வாறு செல்லத்தக்கன; அவையும் ஒரு தரத்தினர் அனைவருக்கும் பொதுவாதல் வேண்டும். தனியொருவரின் வழக்கை அம்மன்றம் ஏற்பதில்லை.

சிக்கல் ஈண்டே தோன்றுகின்றது. பதவியுயர்விற் புறக்கணிக்கப்பட்ட ஒருவரின் குறை ஆயிரம் பேரின் குறையன்று. அவர் முதலில் தம் மேலதிகாரியிடமே முறையிடல் வேண்டும். அக்குறைக்குக் காரணரும் அவ்வதிகாரியே ஆகலாம். கீழ்ப்படிவைத் தலையாய ஒழுக்கமாகக் கொள்ளும் படைத்துறைச் சூழலிலே, முறையீடே கீழ்ப்படியாமையாகக் கருதப்படும் ஆபத்தும் உண்டு. 1985ஆம் ஆண்டின் நிர்வாக நியாயசபைச் சட்டம் இவர்களுக்கு ஒரு வாயிலைத் திறந்தது. படையினரை விலக்கிய அச்சட்டம், பாதுகாப்புத் துறையிற் சிவிலியர் வகிக்கும் பதவிகளை வெளிப்படையாகவே உள்ளடக்கிற்று. எனினும், நியாயசபைக்குச் செல்வதென்பது வழக்காடுவதே. அதற்குப் பொருளும் பொறுமையும் வேண்டும்.

2021இல் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் 7 அரசாங்கக் கம்பனிகளின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஊழியர் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன. அதனைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது. நாட்டின் காவலுக்காக அவ்வுரிமை கட்டுப்படுத்தப்படலாம் என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை ஏற்பினும் அதற்கொரு விலையுண்டு. ஊழியரின் இறுதிக் கருவியைப் பறிக்கும் அரசு, பக்கஞ்சாராத செவியொன்றை அவர்களுக்கு அளித்தல் வேண்டும். தனியொருவரின் குறையை, மேலதிகாரியின் ஆணைக்குட்படாத ஒருவர் தொழிற்சாலையிலேயே கேட்டுத் தீர்க்க வழியமைப்பது அதன் முதற்படியாகும்.