வலக்கை வேலை

பெங்களூரு அல்சூரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்த அறை. சத்தம் தெருவுக்குப் போகாமலிருக்க ஜன்னல்களில் தடித்த ஜமக்காளம் தொங்குகிறது. நான் போனபோது மாலை ஆறரை மணி. பத்தொன்பது வயது மாணவன் ஒருவன் கிட்டாரின் தடித்த ஆறாம் தந்தியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். ஆம்ப் அணைந்திருந்தது, இடக்கைக்கு வேலையே இல்லை. இருபது நிமிடம் என் காதில் விழுந்தது அந்த ஒரே தந்திதான்.

“லெஃப்ட் ஹேண்டை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. மொதல்ல இந்தக் கை சரியாகட்டும்” என்றார் ஆசிரியர்.

அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. பகலில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, மாலையில் வகுப்பு, வார இறுதியில் மேடை. மெட்டல் வாசிக்கும் பலரையும் போல இவருக்கும் இசை மட்டும் சோறு போடுவதில்லை. 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா குழு பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது கூட்டத்தில் இவரும் நின்றிருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் கிர்க் ஹாமெட்டின் சோலோவுக்கு ஆர்ப்பரிக்க, இவர் கண் முழுக்க ரிதம் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது மணிக்கட்டில் இருந்ததாம்.

காரணம் இருக்கிறது. 1986-இல் வந்த மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாடலின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 212 தட்டு. திரும்பத் திரும்ப வரும் அதன் முக்கிய ரிஃபில் ஒரு தட்டுக்கு இரண்டு அடி, அதாவது நொடிக்கு ஏழு. ஹெட்ஃபீல்ட் அதை மேலிருந்து கீழாகவே, டவுன் அடியாகவே அடிக்கிறார். கீழும் மேலுமாக மாற்றி அடித்தால் கைக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் கீழிருந்து மேலே வரும் அடி பெரும்பாலும் சற்று இலேசாக விழும். இரண்டுக்கும் ஒலி வேறு. எல்லாம் டவுனாக விழும்போது ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் இறங்குகிறது. 1974-இல் நியூயார்க்கில் தொடங்கிய ராமோன்ஸ் குழுவில் ஜானி ராமோன் இப்படி வாசித்தே பேரெடுத்தவர். ஹெட்ஃபீல்ட் அதே முறையில் தந்தியை அடக்கி, த்ராஷ் மெட்டலின் வேகத்துக்குக் கொண்டுபோனார்.

அடக்குவது என்றால் பாம் மியூட். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரம், பிரிட்ஜை ஒட்டித் தந்தியின்மேல் படிந்திருக்க வேண்டும். மாணவனின் கை சற்று முன்னால் இருந்தது. தந்தி ‘டப் டப்’ என்று செத்து விழுந்தது. ஆசிரியர் அவன் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினார். இப்போது ‘ஜுக் ஜுக்’. சுருதியும் கேட்டது, அடியும் கேட்டது. இன்னும் பின்னுக்குப் போனால் தந்தி கட்டவிழ்ந்து ரீங்கரிக்கும். அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் இந்த வாசிப்பின் உயிரே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்தது கேலப், குதிரைப் பாய்ச்சல். அயர்ன் மெய்டன் குழுவின் ரசிகர்களுக்கு நன்றாகப் பழகிய நடை. ஒரு நீண்ட அடி, இரண்டு குறுகிய அடி. மாணவன் திணறியபோது ஆசிரியர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டிச் சொன்னார்: “தா-கிட, தா-கிட.” சிறுவயதில் மிருதங்கம் கற்றவராம். “தா-வுக்கு டவுன். கி டவுன், ட அப்.” திருப்பிப் போட்டால் ‘கிட-தா’. வாய் சொல்லப் பழகியதும் கை தானாக வந்துவிட்டது. மூன்றே நிமிடம், என் கண்முன் நடந்தது.

மேஜையில் ஒரு டப்பா நிறையப் பழைய பிக்குகள், தந்தியை அடிக்கும் சிறு வில்லைகள், இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான தடிப்பு. முனையின் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. கம்பி சுற்றிய தந்தி அரம் போல ராவுமாம். தேய்ந்த சாய்வைப் பார்த்தே ஒருவர் பிக்கை எந்தக் கோணத்தில் பிடிக்கிறார் என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார்.

டிஸ்டார்ஷன் போட்டால் குறை மறைந்துவிடும் என்று தொடக்கக்காரர்கள் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறு. கெயினை ஏற்ற ஏற்றத் தந்தியில் விரல் உரசுவதுகூடப் பெரிதாகக் கேட்கும். பதிவுக்கூடத்தில் சோதனை இன்னும் கடுமை. மெட்டலில் ஒரே ரிஃபை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைப்பது வழக்கம். ஒரு அடி பிசகினாலும் இரண்டும் உரசிக்கொண்டு காதில் விழும். சோலோ வாசிப்பவருக்கு அட்டைப்படம் கிடைக்கிறது. பாட்டைத் தூக்கி நிறுத்தும் இந்த ரிதம் கைக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

ஏழரை மணிக்கு மாணவன் முன்கையை உதறினான். “வலிக்குதுண்ணா, லேசா.”

“அப்போ நிறுத்து. வலியோட வாசிச்சா கை போயிடும். இறுக்கிப் பிடிக்கிறதாலதான் வலிக்குது.”

மெட்ரோனோம் 140 காட்டியது. வகுப்புக்கு வந்தபோது 120. ஆசிரியர் அவன் நோட்டில் தேதி போட்டு, மறுநாள் தொடங்க வேண்டிய எண்ணை எழுதினார்: 132.