நஸீபு என்று விட்டுவிடலாமா?

அரியலூரில் வசிக்கும் என் மாமி, இடுப்பெலும்பு முறிவுக்காகப் பெரம்பலூர் நர்சிங் ஹோம் ஒன்றில் மூன்று வாரம் படுத்திருந்து, முதுகில் படுக்கைப் புண்ணோடு திரும்பினார். உறவினர்கள் "நஸீபு" என்றனர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

புண் வந்துவிட்டது என்பதாலேயே வழக்கு நிற்காது. எழ முடியாதவரைக் குறித்த நேரந்தோறும் புரட்டிப் படுக்க வைத்தார்களா என்பதே கேள்வி. அதற்கு விடை செவிலியர் குறிப்பேட்டில் இருக்கும். எழுதிக் கேட்டால் மருத்துவக் குறிப்புகளை 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள். வாய்மொழியாகக் கேட்டுத் திரும்புவோரே நம்மில் மிகுதி!

கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதே என 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இதில் அடங்கா. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிகிச்சை பெற்ற ஊர் எதுவாயினும், வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம், கெடு இரண்டாண்டு. செலுத்திய கட்டணம் 5 இலட்சம் ரூபாய் வரையெனில் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.