வல்லத்தில் ஏறிய செல்போன்

தூத்துக்குடிக் கடலைப் பற்றி எழுதியவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கடலில் இறங்கியவர்கள் எழுதியதுதான் குறைவு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளுஸ் என்ற கிரேக்கக் கடற்பயண நூல், இந்தக் கரையின் பழைய துறைமுகமான கொற்கையில் முத்துக் குளிப்பவர்கள் தண்டனைக் கைதிகள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்குக் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு போகும் என்று கணக்குச் சொல்கிறார். மூழ்கியவர் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மதராஸ் அரசின் அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றி எழுதிய நூல் நுணுக்கத்தில் இவர்களையெல்லாம் மிஞ்சும். ஆனாலும் அது கரையில் நின்று எண்ணியவரின் நூல். இன்று 'தூத்துக்குடி மீனவன்', பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற யூடியூப் சேனல்களில் கடலுக்குப் போகிறவரே பேசுகிறார். இவை உலகெங்கும் உள்ள தமிழர் வீடுகளுக்குள் போய்விட்டன. இந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடுதான் நான் இந்தக் கரையைப் பார்க்கிறேன்.

இணையத்தில் பேச வருகிறவர்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான அறிவுரை, சொந்தக் கதையைச் சொல், மனசைத் திற என்பது. அது பாதிதான் சரி. மனசைத் திறக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பார்க்கிறவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார். அவரை நிற்க வைப்பது தொழிலின் விவரம். தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகும் வல்லம் என்ற நாட்டுப்படகைப் பாருங்கள்: ஒரு கம்ப்ரசர், சுருட்டி வைத்த நீளமான டியூப், இடுப்பில் கட்டும் ஈயம், சங்கு போட ஒரு வலைப்பை. மூழ்குகிறவர் அந்த டியூப் வழியாக வரும் காற்றை நம்பித்தான் கீழே இருக்கிறார். மணலில் பாதி புதைந்த சங்கைத் தடம் பார்த்துத் தோண்ட வேண்டும். கச்சான் காற்று ஓங்கி அடிக்கடல் கலங்கிவிட்டால் கையளவு தூரம்கூடத் தெரியாது. வேகமாக மேலே வந்தால் மூட்டு பிடிக்கும், சிலருக்குக் கால் விழுந்தே போகும். எடுத்த சங்கு வளையல் செய்ய வங்காளத்துக்குப் போகிறது. இதையெல்லாம் தன் பேச்சில், தன் அவசரத்தில் ஒருவர் சொல்லும்போது, 'நான் கஷ்டப்பட்டேன்' என்ற வாக்கியமே தேவைப்படுவதில்லை. கேட்பவர் தானாகவே அதைப் போட்டுக்கொள்கிறார்.

இதையெல்லாம் இலக்கியம் முன்பே செய்துவிட்டதே என்று கேட்கலாம். உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலில் தூத்துக்குடியின் தோணிகளையும் பரதவர் வாழ்வையும் தலைமுறைக் கணக்கில் எழுதினார். 2013-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. கடன், சாவு, கோயில் அரசியல், கைமாறிய சொத்து என்று அந்த நாவல் தொடும் ஆழம் பத்து நிமிட வீடியோவுக்கு எட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாவலின் பலமும் எங்கோ மிதக்கும் உணர்ச்சியில் இல்லை. காற்று, பாய், சரக்கு, கூலி என்று தொழிலின் எலும்பில்தான் அதன் தசை ஒட்டியிருக்கிறது. செல்போன் செய்வது அதே வேலையின் சின்ன வடிவம். தவிர, நாவல் படிக்காத வீட்டுக்கும் அது போகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பார்வை எண்ணிக்கைக்குப் பேராசை அதிகம். பெரிய மீன், அபூர்வ மீன், அபாயம் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். மன்னார் வளைகுடாவில் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்கா 21 தீவுகளை உள்ளடக்கியது. கடல் அட்டையைப் பிடிப்பது 2001-இலிருந்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடல் குதிரையும் அப்படித்தான். இவற்றைக் கையில் தூக்கிக் காட்டுகிற வீடியோ தனக்குத் தானே எழுதிக்கொடுத்த வாக்குமூலம். வலையில் சிக்கியதைத் திரும்ப விடுகிறவர், ஏன் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு விட்டால், அவர் சொல்லும் அடுத்த பத்து விஷயத்தையும் நாம் நம்புவோம். முத்து இன்னொரு சோதனை. ரயிலுக்கே முத்துநகர் என்று பெயர் வைத்திருக்கிற ஊர் இது. ஆனால் இந்தக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973-இல் இங்கே வளர்ப்பு முத்து எடுத்துக்காட்டியது வேறு கதை. இன்று ஒருவர் 'நான் முத்துக் குளிக்கிறேன்' என்று தலைப்புப் போட்டால், கூட்டம் வரலாம், கதை பொய். ஒன்றும் கிடைக்காமல் டீசல் காசும் தேறாமல் திரும்பிய நாளைக் காட்டுவதற்குத்தான் தைரியம் வேண்டும். அந்த வீடியோதான் கடலைத் தெரியாதவருக்குக் கடலைச் சொல்லிக்கொடுக்கும்.

எனக்கு உறுத்துகிற கேள்வி வேறு. சொந்தக் கதை என்பது யாருடைய சொந்தம்? அந்தக் காலத்தில் முத்துக் குளிப்பவருக்குக் கயிறு பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்தவன் கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. இன்று டியூபையும் கம்ப்ரசரையும் பார்த்துக்கொண்டு மேலே ஒருவர் இருக்கிறார். கீழே போனவரின் உயிர் அவர் கையில். 'நான்' என்று தொடங்கும் எந்தக் கடல் கதையிலும் இந்த இரண்டாவது ஆள் உண்டு. வலை இழுக்கிறவர்கள், ஏலக் கூச்சலுக்கு நடுவே கூடையை நகர்த்துகிற பெண்கள் எல்லாரும் கேமராவின் ஓரத்தில் வந்து போகிறார்கள். பேசுகிறவர் பிரபலமாகிறார், மற்றவர்கள் பின்னணியாகிறார்கள். துணிச்சலும் பேச்சுத்திறனும் அவருடையதுதானே, எடிட் செய்யும் உழைப்பும் அவருடையதுதானே என்று வாதிடலாம். நியாயம்தான். ஆனால் மீன் விஷயத்தில் இந்தக் கரை அப்படிக் கணக்குப் போடுவதில்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, வல்லத்துக்கும் வலைக்கும் பங்கு, ஏறிய ஒவ்வொருவருக்கும் பங்கு என்று பிரிப்பதுதான் வழக்கம். திசை சொன்னவர் ஒருவராக இருந்தாலும் இழுத்த கை எல்லாருடையதும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். வீடியோவும் அந்த வல்லத்தில் கிடைத்த மீன்பாடுதான்.

ஆகவே கடலிலிருந்து பேசுகிற தம்பிகளிடம் ஒன்று கேட்கிறேன். கேமராவுக்கும் எடிட்டிங்குக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்; மீதியை மீனைப் பிரிப்பது போலவே பிரியுங்கள். படத்தில் வரச் சம்மதமா என்று கூட வந்தவரிடம் கேளுங்கள். மாதத்தில் ஒரு வீடியோவிலாவது கயிறு பிடிப்பவர் பேசட்டும்.