தூரமா... சுழலா?

பரவை என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? திண்டுக்கல் ரோட்டில் லாரி லாரியாகத் தக்காளி இறங்கும் காய்கறி மார்க்கெட். இல்லையென்றால், 2003-ல் ‘தூள்’ படத்தில் பாடித் தமிழ்நாட்டையே ஆடவைத்த பரவை முனியம்மா பாட்டி. கோல்ஃப் என்று ஒரு ஆளாவது சொல்லுவாரா? மாட்டார். எங்கள் ஊரில் பந்து என்றால் கண்மாய் வறண்ட பிறகு ஆடுகிற ரப்பர் பந்துதான். கருவேலங்காட்டுக்குள் போனால் அவுட். முள் குத்தினால் அது உங்கள் பாடு.

அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மேனேஜர் கேட்டார்: “ஞாயித்துக்கிழமை கொடைக்கானல் வர்றீங்களா? கிளப்புல நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தர் மெம்பர். ஒரு ரவுண்டு கோல்ஃப் போடலாம். நீங்கதான் பெங்களூர்ல ஆடியிருக்கீங்களாமே!”

ஆடியது உண்மைதான். இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தபோது, பயிற்சி மைதானத்தில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு தடவை மட்டையைச் சுழற்றியிருக்கிறேன். அதில் பாதி காற்றில். ஆனால், எங்கள் ஆபீஸில் உதவி மேனேஜர் நாற்காலி மூன்று மாதமாகக் காலியாக இருந்தது. வாய் தானாகவே சொல்லிவிட்டது: “அதுக்கென்ன சார், வந்துட்டாப் போச்சு!”

பந்து வாங்கப் போன கடையில் பையன் ஒரே கேள்விதான் கேட்டான். “டிஸ்டன்ஸா சார், ஸ்பின்னா?”

“ரெண்டும்தான்!” என்றேன் கெத்தாக. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, இருப்பதிலேயே விலை கூடிய டப்பாவை எடுத்து வைத்தான். ஒரு பந்தின் விலைக்கு எங்கள் ஊர் மெஸ்ஸில் இரண்டு பேர் வயிறார மீன் சாப்பாடு சாப்பிடலாம். ஆறு பந்து வாங்கினேன். நாற்காலி பெரிசா, மீன் பெரிசா?

ஞாயிறு விடியற்காலை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். (மேனேஜர் முதல் நாளே காரில் போய்விட்டார்.) பத்தே நிமிஷத்தில் பஸ் எங்கள் வீட்டு முனையைத் தாண்டியது. இந்தப் பக்கமாக வருகிற பஸ்ஸைப் பிடிக்க அந்தப் பக்கம் போவதுதான் பரவைக்காரன் தலையெழுத்து. சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடை ரோடு, வத்தலக்குண்டு... அப்புறம் மலை. மடியில் இருந்த பந்து ஒன்றை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சின்னதுதான். ஆனால் அதற்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது. அந்தக் காலத்தில் தோல் பைக்குள் இறகைத் திணித்துப் பந்து செய்தார்களாம். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் வந்தது. எங்கிருந்து? மலாயாப் பக்கத்திலிருந்து! நம் ஆட்கள் பிற்பாடு ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன அதே சீமைதான். அந்தப் பந்தை வழவழவென்று செய்தார்கள், சரியாகப் பறக்கவில்லை. ஆடி ஆடி அடிபட்டு, வடு விழுந்த பழைய பந்துதான் நன்றாகப் பறந்தது. உடனே புதுப் பந்தையே சுத்தியலால் தட்டித் தழும்பு போட ஆரம்பித்தார்கள். 1905-ல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் இன்றைய குழிப் பந்துக்குக் காப்புரிமை கேட்டார். இப்போது ஒரு பந்தில் 300-லிருந்து 500 குழி வரை இருக்கிறது. அந்தக் குழிகள் காற்றைப் பந்தோடு ஒட்டவைத்து, பின்னால் இழுக்கிற இழுவையைக் குறைக்கின்றன. வழவழப்பான பந்து இதில் பாதி தூரம் போனாலே அதிகம்.

எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. சட்டம் அப்படி. பிறகு பந்துக்குப் பந்து என்னதான் வித்தியாசம்? தோலும் வயிறும்தான்! மலிவான பந்து இரண்டே அடுக்கு. உள்ளே ஒரே ரப்பர் உருண்டை, மேலே கெட்டியான பிளாஸ்டிக் தோல். மட்டையில் பட்டதும் அதிகம் சுழலாது, விழுந்தால் உருண்டு ஓடும். விலை கூடினதில் மூன்று, நான்கு அடுக்கு. மேலே யூரித்தேன் என்ற மெத்தென்ற தோல். குட்டையாக அடிக்கிற வெட்ஜ் மட்டையின் கோடுகள் அதைக் கவ்விப் பிடிக்கும். பந்து பின்பக்கமாகக் கிறுகிறுவென்று சுழன்று, புல்தரையில் விழுந்ததும் பிரேக் போட்டு நிற்கும்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. 1895-ல் ஆரம்பித்த கிளப். தூண் பாறைக்குப் போகிற வழியில், பச்சைப் பட்டுப் புடவையை மலைமேல் உலர்த்தினதுபோல 18 குழி மைதானம். நடுவே நான்கு காட்டெருமைகள், ஏதோ மெம்பர்கள் மாதிரி உலாத்திக்கொண்டிருந்தன. எங்கள் பையைத் தூக்கிவர ஒரு பெரியவர் வந்தார். இந்த வேலைக்கு ‘கேடி’ என்று பெயர். நம் ஊரில் அந்தப் பட்டம் வாங்கினவர்களின் போட்டோ போலீஸ் ஸ்டேஷனில் தொங்கும்!

முதல் அடி. மேனேஜர் பார்க்கிறார், அவர் நண்பர் பார்க்கிறார், ஒரு காட்டெருமையும் பார்க்கிறது. ஓங்கி ஒன்று விட்டேன். பந்து நேராகத்தான் கிளம்பியது... பிறகு ஏதோ மறந்துபோய்த் திரும்புகிறவன் போல வலப்பக்கமாக வளைந்து, பைன் மரக் காட்டுக்குள் போய்விட்டது. இரண்டு மீன் சாப்பாடு காலி!

அடுத்த குழியிலும் அதே கதை. மூன்றாவதில் இரண்டு பந்து. தொலைந்த ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அடி அபராதம். அதோடு, அடித்த இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்க வேண்டும். எண்ணிக்கை ஏற ஏற, உதவி மேனேஜர் நாற்காலி காட்டெருமையின் முதுகில் ஏறிப் போவதுபோல் தெரிந்தது.

பெரியவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “தம்பி கோவிச்சுக்கக் கூடாது. இந்தப் பந்து உங்களுக்கு வேணாம்.”

“ஏண்ணே? விலை கூடுன பந்துண்ணே!”

“அதான் சொல்றேன். அது நல்லாச் சுத்துற பந்து. நீங்க கோணலா அடிச்சா, கோணலாவும் நல்லாச் சுத்தும். பந்துக்கு என்ன தெரியும், நல்ல சுத்து எது, கெட்ட சுத்து எதுன்னு?”

தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய இரண்டடுக்குப் பந்தை எடுத்து நீட்டினார். அடித்தேன். அதுவும் வளைந்தது, ஆனால் காட்டு ஓரத்தோடு நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் என் பந்து கிடப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நடந்துகொண்டே பெரியவர் பாடம் எடுத்தார். பின்சுழற்சி இல்லாவிட்டால் பந்து மேலேயே நிற்காது, செங்கல் மாதிரி விழுந்துவிடும். (1890-களில் எடின்பரோ பேராசிரியர் டெய்ட் கணக்குப் போட்டுச் சொன்னதும் இதைத்தான்.) சுழற்சி மிஞ்சினாலோ, பட்டம் மாதிரி மேலே ஏறித் தூரத்தைத் தின்றுவிடும். ஆக, தூரமும் சுழலும் பங்காளிகள். பாகப்பிரிவினை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். என்னைப்போல மிதமாக அடிக்கிறவனுக்கு, பெரிய மட்டையில் இந்தப் பந்துக்கும் அந்தப் பந்துக்கும் நாலைந்து கஜம்தான் வித்தியாசம் வரும். குழிக்குப் பக்கத்தில் குட்டை மட்டையில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். “அதனால பந்தைக் குழிப் பக்கத்துலேர்ந்து பார்த்து வாங்கணும் தம்பி. ஆனா முதல்ல குழிப் பக்கம் வந்து சேரணும்ல?”

நாற்காலி ஆசை அதோடு விட்டது. மேனேஜரிடம் போய், “சார், உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு இது ஆடவே தெரியாது” என்றேன்.

அவர் நண்பர் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். “எனக்கு மட்டும் தெரியுமாய்யா? ஹெட் ஆபீஸ்ல பெரியவர் ஆடறார்னு நானும் ஆடறேன். காலையிலேர்ந்து ஏழு பந்து போச்சு. அந்தப் பெரியவர்கிட்ட எனக்கும் ஒரு பழைய பந்து கேளுய்யா!”

அப்புறம் ஆடினோம் பாருங்கள், ஆட்டம்! கடைசிக் குழி வரை ஒரே சிரிப்பு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்து கீழே போவதைவிடக் கொஞ்சம் கூடவே போகும், வளைவும் சற்றுக் குறையும். அந்த இனாமையும் வாங்கிக்கொண்டோம். கிளம்பும்போது பந்துக்குக் காசு நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை. “காட்டுக்குள்ள உங்க பந்து நாலு கெடக்குதுல்ல தம்பி? நாளைக்குத் தேடிக்கறேன்” என்றார். தொழில் தெரிந்த மனுஷன்!

ஊருக்கு வந்ததும், மிச்சமிருந்த விலை கூடின பந்தையும் பெரியவர் பந்தையும் எடுத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பரவைக் கண்மாய்க்குள் இறங்கினேன். வெட்ஜ் மட்டையால் இரண்டையும் ஒரே மாதிரி தட்டினேன். கொடைக்கானலின் ஈரப் புல்லில் பிரேக் போட்டு நிற்கிற பந்து, இங்கே காய்ந்த கட்டாந்தரையில் மலிவுப் பந்தோடு போட்டி போட்டுக்கொண்டு துள்ளி ஓடியது. கவ்விப் பிடிக்கப் புல்லே இல்லாத இடத்தில் எந்தச் சுழற்சி என்ன செய்யும்? ஆளைப் பார்த்து மட்டுமல்ல, தரையைப் பார்த்தும் பந்து வாங்க வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. இரண்டு பந்தும் கருவேலங்காட்டுப் பக்கம் போனதைப் பார்த்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் கத்தினான்: “அண்ணே... அவுட்டு!”

உதவி மேனேஜர் பதவியா? அது வேறொருத்தருக்குப் போய்விட்டது. கோல்ஃப் பந்துக்கும் கோலிக்குண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் அவர். ஆனால் வேலை தெரிந்தவர். மேனேஜரிடம் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் டிபன் நேரத்தில் அவரே என் மேஜைக்கு வந்து உட்காருகிறார். போன வாரம் கேட்டார்:

“உங்க ஊர்க் கண்மாயில ரப்பர் பந்து ஆடுவீங்களாமே... எனக்கு ஒரு இடம் கிடைக்குமாய்யா?”