‘சிலை ஆளு எங்க?’ - தீம் பார்க் போன திருவண்ணாமலை ஆயா

"ஆயா இருக்கிற வரைக்கும் நாம எங்கயுமே போக மாட்டோமாம்மா?"

காலாண்டு விடுமுறையில் ஒரு ராத்திரி, தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்த அம்மாவிடம் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் இப்படிக் கேட்டாள். அடுத்த அறையில்தான் ஆயா படுத்திருந்தார். காதில் விழுந்திருக்கும். ஆனால், ஐந்து நிமிடம்கூட மனதில் நின்றிருக்காது.

மொட்டை மாடியில் நின்றால் அண்ணாமலையார் கோயிலின் ராஜகோபுரம் தெரியும் வீடு அது. ஆயாவுக்கு 71 வயது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறதி. ‘வயசானா வர்றதுதானே’ என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஒருநாள் சொந்த மகளையே "டீச்சர்" என்று கூப்பிட்ட பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். டிமென்ஷியா என்றார் டாக்டர்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அத்தனை வீடுகளிலும் ஒரு பேரனோ பேத்தியோ இதே கேள்வியை மனதுக்குள்ளாவது கேட்டிருப்பார்கள்.

பிள்ளைகள் கேட்டது கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் ஒரு தீம் பார்க். பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு அக்கா போன் போட்டார்.

"அம்மாவையுமா? போயிட்டு வந்தது அவங்களுக்கு ஞாபகம் இருக்கப்போகுதாக்கா? ரெண்டு நாளைக்கு ஒரு ஆளைப் போட்டுட்டுப் போங்க. காசு நான் அனுப்புறேன்."

தம்பி சொன்னதில் தப்பில்லை. ஆனால், முந்தைய வருடம் ஒரு கல்யாணத்துக்காக அப்படித்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது ஆயா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு நகர மறுத்தாராம். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது மறந்துபோயிருக்கிறது. காத்திருப்பது மட்டும் மறக்கவில்லை. அதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரிக்கா, என்னென்ன வேணும்னு சொல்லு" என்றார்.

கார்த்திகை தீபம் முடியும்வரை ஊரே திணறும் என்பதால், அரையாண்டு விடுமுறையில் ஒரு வார நாள் என்று முடிவானது. வெயிலும் கம்மி.

முதல் வேலை, ஒத்திகை. கார் பயணத்தை ஆயா தாங்குவாரா என்று பார்க்க வேண்டுமே. அதற்குத் திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கையிலேயே ஓர் இடம் இருக்கிறது. பௌர்ணமி இல்லாத ஒரு காலை நேரத்தில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஆட்டோவில் சுற்றினார்கள். காலையில் சாப்பிட்ட இட்லி ஆயாவுக்கு நினைவில் இல்லை. ஆனால், எம லிங்கத்தைத் தாண்டியதும் "அடுத்தது நிருதி" என்றார். அப்புறம் வருண லிங்கம், வாயு லிங்கம். வரிசை ஒன்றுகூடப் பிசகவில்லை. பல வருடங்கள் கால்கள் நடந்து மனப்பாடம் செய்த பாதை அது. இந்த நோயில் புதிய நினைவுகள்தான் முதலில் போகும். பழையவை பல நாள் தாக்குப்பிடிக்கும்.

ஒத்திகையில் இன்னொன்றும் தெரிந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் வேண்டும். டயப்பர் போட்டிருந்தாலும் அதில் போக ஆயாவுக்கு இன்னும் மனசு வரவில்லை. மொத்தப் பயணத்தையும் இந்த ஒன்றரை மணி நேரத்தை வைத்துத்தான் போட்டார்கள்.

அடுத்தது போன். "வீல்சேர் வருமா?" என்றால் எல்லோரும் "வரும் மேடம்" என்றுதான் சொல்கிறார்கள். அதனால், மகள் கேள்வியை மாற்றினார். "வாசல்ல எத்தனை படி? பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்? ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்புறீங்களா?" தரைத்தளம் என்று சொன்ன ஒரு விடுதியின் வாசலில் மூன்று படிகள் இருந்தது போட்டோவில்தான் தெரிந்தது. கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன பார்க்கையே பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். வாடகை காரிலும் ஒரு சிக்கல். டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருந்தால் மடக்கிய வீல்சேர் உள்ளே போகாது. இதைக் கிளம்பும் நாளில் கண்டுபிடித்திருந்தால் அவ்வளவுதான்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில், ஒருவர் மாற்றுத்திறனாளியான தன் மகளை மனதில் வைத்து ஒரு தீம் பார்க்கையே உருவாக்கினார். 2010-ல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்டில் ராட்டினத்தில்கூட வீல்சேரோடு ஏறலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு அனுமதி இலவசம். நம் பக்கத்திலும் தொடக்கம் இருக்கிறது. வீல்சேரில் அலை அருகே வரை போக, சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது வேறு கதை. பிறகு சரிசெய்தார்கள்.

இரவுதான் பெரிய பயம். டிமென்ஷியா உள்ள பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும். புது அறை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால், மதியத்துக்குள் மாமல்லபுரம் போய் அறையில் பழகவிட்டு, மறுநாள் காலை பார்க், மதியம் வீடு என்று போட்டார்கள். ஆயாவின் தலையணை, போர்வை, சாமி படம், வீட்டில் எரியும் அதே சின்ன பல்பு எல்லாம் பையில் ஏறின. ஆயா தொலைந்துபோனால் என்ன செய்வது என்று யோசித்து, அவர் இடுப்பில் செருகும் சுருக்குப்பையில் ஒரு போன் நம்பர் சீட்டு வைத்தார்கள். கட்டியிருக்கும் புடவையோடு காலையிலேயே செல்போனில் ஒரு போட்டோ. முதியோருக்கான உதவி எண் 14567-ஐ மூத்த பேத்தி தன் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

இவ்வளவு திட்டத்தையும் செஞ்சி கலைத்தது. கோட்டை மலைகள் தெரிந்ததும், "மலை வந்துடுச்சு. வீடு வந்துடுச்சு, எறக்குங்க" என்று ஆயா கதவைத் தட்ட ஆரம்பித்தார். "இது செஞ்சிம்மா" என்று விளக்க விளக்க அழுகை கூடியது. மருமகன்தான் காரை ஓரம்கட்டச் சொன்னார். "சரிங்க அத்தை, வீட்டுக்குப் போகலாம். முதல்ல ஒரு டீ குடிச்சிடலாமா?" டீ குடித்து முடிப்பதற்குள் மலை மறந்துபோனது. மறதியைத் திட்டிக்கொண்டே இருந்த குடும்பம், அன்றைக்கு அதற்கு நன்றி சொன்னது.

பார்க்கில் இரண்டு அணி. மருமகன் பிள்ளைகளோடு ராட்டினங்களுக்கு, மகள் ஆயாவோடு நிழலுக்கு. ஸ்பீக்கர் சத்தம் ஆயாவுக்கு ஆகவில்லை. காதில் பஞ்சு வைத்து, தள்ளியிருந்த ஒரு மரத்தடிக்கு வீல்சேரைக் கொண்டுபோனார்கள். அங்கே உட்கார்ந்ததும் திடீரென்று கேட்டார்.

"சிலை ஆளு எங்க?"

மகளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தொண்ணூறுகளில் ஒரு பள்ளிச் சுற்றுலாவில் ஆயா வி.ஜி.பி கோல்டன் பீச் போயிருக்கிறார். அசையாமல், சிரிக்காமல் நிற்பாரே சிலை மனிதர், அவரைத் தேடுகிறார். இது வேறு பார்க் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

நனைந்த துணியோடு ஓடிவந்த மூன்றாம் வகுப்புப் பேரன்தான் சொன்னான். "இன்னைக்கு அவர் லீவு ஆயா. அவருக்குப் பதிலா நீதான்."

ஆயா முதுகை நிமிர்த்தினார். வலது கையை மடியில் வைத்து, நேரே பார்த்தபடி உறைந்தார். பேரன் மூஞ்சியைக் கோணினான், குரங்கு போலக் குதித்தான், கிச்சுகிச்சு மூட்டப் பார்த்தான். பேத்தியும் சேர்ந்துகொண்டாள். வேடிக்கை பார்க்க நாலு பேர் நின்றுவிட்டார்கள். ஆயாவின் உதடு அசையவில்லை.

"தோத்துட்டேன் ஆயா" என்று அவன் தரையில் உட்கார்ந்ததும், வலது கையை நீட்டினார். "காசு எடு."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பர்ஸைத் தேடினார்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, எதிர்வீட்டு அம்மா எட்டிப்பார்த்துக் கேட்டார். "ரெண்டு நாளா ஆளைக் காணோம்? எங்கம்மா போயிட்டு வந்தீங்க?"

"கிரிவலம்" என்றார் ஆயா.

பேரன் வாயைத் திறந்தான். அவன் அம்மா கண்ணைக் காட்டியதும் மூடிக்கொண்டான்.

"எத்தனை லிங்கம் பார்த்தீங்க?"

"எட்டும்தான்!"